நம்ம தெருக் காற்றை நாமே அளப்பது எப்படி? மதுரைக்காரர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

முதல் மனுவில் நான் எழுதிய வாக்கியம் இது: "எங்கள் பகுதியில் புகையும் தூசியும் மிக அதிகமாக இருப்பதால் தக்க நடவடிக்கை எடுக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்." கீழே எழுபது பேர் கையெழுத்து. ஒப்புகைச் சீட்டு கொடுத்தார்கள். ஆறு வாரம் கழித்துப் பதில் வந்தது: "நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது." யார் எடுக்கிறார்கள், எங்கே, என்ன நடவடிக்கை, ஒன்றும் இல்லை. கோபமாக வந்தது. அப்புறம் எங்கள் மனுவை மறுபடி படித்துப் பார்த்தால், நாங்கள் கேட்டதிலும் ஒன்றும் இல்லை.

இரண்டாவது மனு ஒரே பக்கம். செவ்வாய், சனி இரவு ஒன்பதரையிலிருந்து பதினொன்று வரை, ஆற்றங்கரைச் சாலையில் இந்த எண் மின்கம்பத்துக்கு எதிரே குப்பை எரிகிறது, நான்கு வாரத்தில் ஏழு முறை, தேதிகள் பின்பக்கம். எரிப்பது கடைகளிலிருந்து வரும் அட்டையும் பிளாஸ்டிக்கும். காரணம், குப்பை வண்டி காலையில் மட்டும் வருகிறது, அந்தக் கடைகள் குப்பையைக் கட்டுவதோ சாயங்காலம். மாலையிலும் ஒரு முறை வண்டி வர வேண்டும். அவ்வளவுதான். பத்து நாளில் ஆள் வந்து பார்த்தார். வண்டியும் வந்தது.

இரண்டு மனுக்களுக்கும் நடுவில் நாங்கள் வாங்கியது எண்பது பக்க நோட்டு ஒன்று. கருவி எல்லாம் பின்னால்தான் வந்தது. இந்த வழிகாட்டியும் அதே வரிசையில் போகிறது.

முதலில் ஒரு கேள்வி

"மதுரையில் காற்று எப்படி இருக்கிறது?" என்பது நமக்கான கேள்வி இல்லை. அதற்குப் பதில் சொல்ல மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இருக்கிறது. ஒரு தெருவாலோ ஒரு ஊராட்சியாலோ பதில் கண்டுபிடிக்க முடிகிற கேள்வி இப்படி இருக்கும்:

பள்ளி விடும் நேரத்தில் வாசலில் நிற்கும் ஆட்டோ, வேன்களில் எத்தனை இன்ஜினை அணைக்கின்றன? மேலூர்ப் பக்கம் ஜல்லி, எம்-சாண்ட் ஏற்றிப் போகும் டிப்பர்களில் எத்தனை தார்ப்பாய் மூடிப் போகின்றன? சாலையைத் தோண்டிக் குழாய் பதித்துவிட்டு மண்ணை அப்படியே விட்டுப் போனார்களே, அந்த நூறு மீட்டரில் தூசி எந்த நேரத்தில் கிளம்புகிறது? காலை எட்டிலிருந்து பத்துக்குள் நம்ம ஸ்டாப்பில் டவுன் பஸ் எத்தனை நிமிஷத்துக்கு ஒன்று வருகிறது?

கடைசிக் கேள்விக்கும் காற்றுக்கும் என்ன தொடர்பு என்று ஒருவர் கேட்டார். இருபத்தைந்து நிமிஷம் பஸ் வராவிட்டால் அந்த ஸ்டாப்பில் நிற்கிறவர் அடுத்த மாதம் தவணையில் டூவீலர் வாங்குகிறார். தொடர்பு அதுதான்.

கேள்வியைத் தேர்ந்தெடுக்கும்போது இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று, பதில் கிடைத்தால் அதை வைத்து யாரிடம் போய் என்ன கேட்போம் என்று இப்போதே தெரிய வேண்டும். இரண்டு, ஆறு வாரத்தில் முடிய வேண்டும். அதற்கு மேல் போனால் ஆள் குறைந்துவிடும். எங்களுக்கு இரண்டாவது முறை அப்படித்தான் ஆனது, பன்னிரண்டு பேரில் நான்கு பேர் மிஞ்சினோம்.

மூக்கும் நோட்டும்: முதல் இரண்டு வாரம்

கருவி வாங்கும் ஆசையை இரண்டு வாரம் ஒத்திவையுங்கள். நம்மிடம் ஏற்கெனவே இருக்கும் கருவி மூக்கு. இதைச் சிரிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள கிராமத்து மக்கள் 2004-ல் இதைத்தான் செய்தார்கள். எந்த நேரம், எந்தத் திசைக் காற்று, அழுகின முட்டை நாற்றமா, நெயில் பாலிஷ் மாதிரி நாற்றமா என்று குறித்து வைத்தார்கள். பிறகு ஒரு வாளிக்குள் பையை வைத்துக் காற்றை இழுத்துப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். நாற்றக் குறிப்பு இருந்ததால்தான் வாளியை எப்போது எங்கே திறப்பது என்பது அவர்களுக்குத் தெரிந்தது.

நோட்டில் ஐந்து பத்தி போதும்: தேதி, நேரம், இடம், என்ன பார்த்தோம் அல்லது முகர்ந்தோம், காற்று எந்தப் பக்கமிருந்து. கடைசிப் பத்தியைத்தான் எல்லோரும் விட்டுவிடுவார்கள், அது இல்லாவிட்டால் மற்ற நான்கும் பாதி வீண். காற்றுத் திசைக்குக் கருவி தேவையில்லை. மொட்டை மாடிக் கொடியில் ஒரு நூல்துண்டைக் கட்டிவிடுங்கள். மதுரையில் ஆனி, ஆடியில் காற்று மேற்கிலிருந்து அடித்துத் தள்ளும். ஐப்பசிக்குப் பிறகு வடகிழக்கிலிருந்து வரும். அதனால் ஆடியில் நம்மைத் தொல்லைப்படுத்தும் புகை மார்கழியில் எதிர்த் தெருக்காரருக்குப் போயிருக்கும். பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று நாம் நினைத்துக்கொள்வோம்.

வண்டிப் புகைக்கு நிறத்தையும் எழுதுங்கள். கறுப்பு என்றால் டீசல் சரியாக எரியவில்லை: அதிக பாரம், அடைத்த ஏர் ஃபில்டர், பழுதான இன்ஜெக்டர். நீலம் என்றால் இன்ஜின் ஆயில் எரிகிறது. குளிர்ந்த காலையில் கிளப்பியவுடன் வந்து சற்று நேரத்தில் மறையும் வெள்ளைப் புகை பெரும்பாலும் நீராவி, அதை எழுத வேண்டாம். இதெல்லாம் மெக்கானிக் கடையில் பத்து நிமிஷம் உட்கார்ந்தால் அவரே சொல்லித் தருவார்.

யார் எழுதுவது? வீட்டில் இருக்கிறவர்கள். எங்கள் குழுவில் சரியாக எழுதியவர்கள் மூன்று பேர்: இட்லிக் கடை அக்கா, ரிட்டயர்டு ரயில்வேக்காரர் ஒருவர், ஆஸ்துமா உள்ள ஒரு பையனின் அம்மா. கல்லூரி மாணவர்கள் வாட்ஸ்அப் குழுவில் நிறையப் பேசினார்கள், நோட்டில் எழுதவில்லை. வாட்ஸ்அப்பை நம்பாதீர்கள். போட்டோ கிடைக்கும், ஆனால் மூன்று வாரம் கழித்துத் தேடினால் "காலை வணக்கம்" படங்களுக்கு நடுவில் ஒன்றும் கிடைக்காது.

அரசின் அளவுகோலைப் புரிந்துகொள்வது

இதைத் தெரிந்துகொள்ளாமல் கருவி வாங்கினால் குழப்பம்தான் மிஞ்சும். காற்றில் மிதக்கும் துகள்களில் இரண்டு வகையைக் கணக்கில் எடுப்பார்கள். பி.எம். 10 என்பது பத்து மைக்ரானுக்கு உட்பட்டது, பெரும்பாலும் சாலைத் தூசி, கட்டடத் தூசி. பி.எம். 2.5 என்பது இரண்டரை மைக்ரானுக்கு உட்பட்டது, பெரும்பாலும் எரிவதிலிருந்து வருவது: டீசல், குப்பை, விறகு. தலைமுடியின் தடிமன் ஐம்பது, எழுபது மைக்ரான் இருக்கும், அதை வைத்து யோசித்துக்கொள்ளுங்கள். சிறியது நுரையீரலின் ஆழம் வரை போகும்.

இந்தியாவின் தரவரம்பு 2009-ல் வகுத்தது. பி.எம். 2.5-க்கு 24 மணி நேரச் சராசரி ஒரு கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம், ஆண்டுச் சராசரி 40. பி.எம். 10-க்கு 100, 60. உலக சுகாதார நிறுவனம் 2021-ல் சொன்ன அளவு மிகக் கடுமையானது: பி.எம். 2.5-க்கு நாளுக்கு 15, ஆண்டுக்கு 5. மனுவில் இந்திய வரம்பையே எழுதுங்கள். அதிகாரிக்குச் சட்டப்படி பொறுப்பு அதற்குத்தான்.

இங்கே இரண்டு இடத்தில் வழுக்கும். முதலாவது, 60 என்பது 24 மணி நேரச் சராசரி. பஸ் ஒன்று பக்கத்தில் உறுமிவிட்டுப் போகும்போது கருவி 200 காட்டினால் அது வரம்பு மீறல் ஆகாது. அதைப் படம் பிடித்து "மூன்று மடங்கு நச்சு" என்று போட்டால், விஷயம் தெரிந்த ஒருவர் வந்து ஒரே வரியில் நம்மை உட்கார வைத்துவிடுவார். இரண்டாவது, மைக்ரோகிராம் வேறு, அந்த அளவை ஒரே எண்ணாக மாற்றிச் சொல்லும் காற்றுத் தரக் குறியீடு வேறு. பி.எம். 2.5 அறுபது மைக்ரோகிராம் இருந்தால் இந்தியக் குறியீட்டில் அது 100. தொண்ணூறு இருந்தால் 200. நூற்றிருபது இருந்தால் 300. போனில் இருக்கும் சில வெளிநாட்டுச் செயலிகள் அமெரிக்கக் குறியீட்டைக் காட்டும், அதில் அதே அறுபது மைக்ரோகிராம் 150-ஐத் தாண்டிவிடும். ஒரே காற்று, இரண்டு எண். கூட்டத்தில் இதை வைத்து அரைமணி நேரம் சண்டை போட்டிருக்கிறோம். எந்த எண்ணை எழுதினாலும் பக்கத்தில் "மைக்ரோகிராம்" என்றோ "இந்தியக் குறியீடு" என்றோ எழுதிவிடுங்கள்.

வாரியம் ஆள் வைத்து அளக்கும் நிலையங்களில் வாரத்துக்கு இரண்டு நாள், ஒவ்வொரு முறையும் 24 மணி நேரம் மாதிரி எடுப்பார்கள். ஆண்டுக்கு 104 நாள். வடிதாளில் படிந்த துகளை எடை போட்டுச் சொல்வதால் அந்த அளவு நம்பகமானது. நகரம் எப்படிப் போகிறது என்று பார்க்க அது போதும். ஆனால் சனிக்கிழமை இரவு பத்து மணிக்கு உங்கள் தெருமுனையில் எரியும் டயர் அதில் தெரியாது. நம்ம வேலை அந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

கருவி

லேசர் சென்சார் வைத்த கருவிகள் சில ஆயிரம் ரூபாயிலிருந்து கிடைக்கின்றன. உள்ளே ஒரு குட்டி மின்விசிறி காற்றை இழுக்கும், லேசர் ஒளி துகளில் பட்டுச் சிதறும், சிதறும் அளவை வைத்துக் கருவி எண்ணைக் கணிக்கும். எஸ்டிஎஸ் 011, பிஎம்எஸ் 5003 என்ற இரண்டு சென்சார்தான் இந்த மாதிரி வேலையில் அதிகம் புழங்குபவை. எலக்ட்ரானிக்ஸ் படிக்கும் மாணவர் ஒருவர் இருந்தால் வைஃபை சிப் ஒன்றோடு இணைத்து அவரே செய்துவிடுவார். வாங்கும்போது ஒன்றை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள்: எண்ணை நேரத்தோடு பதிவு செய்து கோப்பாக எடுக்க முடிய வேண்டும். திரையில் மட்டும் காட்டும் கருவி அலங்காரப் பொருள்.

எஸ்டிஎஸ் 011-இன் ஆயுள் எட்டாயிரம் மணி நேரம். நிறுத்தாமல் ஓடவிட்டால் பதினோரு மாதத்தில் முடிந்துவிடும். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு முறை கொஞ்ச நேரம் மட்டும் ஓடும்படி வைத்தால் பல ஆண்டு வரும்.

இனி இந்தக் கருவியின் குறைகள். விற்கிறவர் இதைச் சொல்ல மாட்டார்.

ஈரக் காற்றில் இது பொய் சொல்லும். துகள் ஈரத்தை உறிஞ்சி ஊதிப்போகும், கருவி அதைப் பெரிய துகளாக எண்ணிக்கொள்ளும். மார்கழி விடியற்காலையில் பனி இறங்கும்போது எண் எகிறுவதில் கொஞ்சம் நிஜம் இருக்கிறது, ஏனென்றால் குளிர்ந்த காற்று தரையோடு தங்கிப் புகையை மேலே விடாது. கொஞ்சம் ஈரத்தின் வேலை. அதனால் ஈரப்பதம் காட்டும் சென்சாரையும் கூடவே வைத்து, ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டிய மணி நேரங்களைத் தனியாகக் குறித்துவிடுங்கள்.

இதைவிடப் பெரிய குறை, தூசி இதற்குச் சரியாகத் தெரியாது. பி.எம். 10 என்று ஒரு எண் காட்டும், ஆனால் கனமான துகள்கள் அந்தக் குட்டி விசிறிக்கு இழுபடுவதில்லை. மதுரையில் நம்ம கண்ணில் விழுவதில் பாதி சாலைத் தூசி. டிப்பர் போகும் சாலையில் கண் திறக்க முடியாமல் நிற்கும்போது கருவி சாதாரணமாக ஓர் எண் காட்டும், பக்கத்தில் நிற்பவர் நம்மை நக்கலாகப் பார்ப்பார். தூசிக்கு வேறு வழி: ஒரே அளவுள்ள வெள்ளை டைல்ஸ் துண்டுகள் ஆறு எடுத்து, மூன்றைச் சாலையோரத் திண்ணைகளிலும் மூன்றை உள் தெருவிலும் ஒரே உயரத்தில் வையுங்கள். 24 மணி நேரம் கழித்து வெள்ளைத் துணியால் ஒரே ஒரு முறை துடைத்து, துணியை அட்டையில் ஒட்டித் தேதி எழுதுங்கள். இது அறிவியல் அளவீடு ஆகாது, எண் எதுவும் வராது. ஆனால் பத்து நாள் துணிகளை வரிசையாக ஒட்டிய அந்த அட்டையை மேசைமேல் வைத்தபோது வந்த அமைதி எந்த வரைபடத்துக்கும் வந்ததில்லை.

எங்கே மாட்டுவது? தரையிலிருந்து இரண்டரை, மூன்று மீட்டர் உயரம். மழையும் நேர் வெயிலும் படாத இடம், காற்று தடையில்லாமல் வர வேண்டும். சமையலறை ஜன்னல், டீக்கடை அடுப்பு, ஜெனரேட்டர், ஏசி வெளிப்பெட்டி இவற்றிலிருந்து தள்ளி. நாங்கள் முதலில் ஒரு முதல் மாடி வராந்தாவில் மாட்டினோம். வாரம் தவறாமல் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறரைக்கு எண் விண்ணுக்குப் போகும். லாரி வருகிறதா, எவனாவது எரிக்கிறானா என்று இரண்டு வாரம் ரோட்டில் நின்று பார்த்தோம். மூன்றாவது வாரம் மாடிக்குப் போனால், அந்த வீட்டுப் பாட்டி தூபக்காலில் சாம்பிராணியோடு வராந்தா முழுக்கச் சுற்றி வருகிறார். "என்னப்பா, மெஷினுக்கும் காட்டவா?" என்று கேட்டார்.

இரண்டு கருவியும் ஒரே சுவரில் ஒரு வாரம்

ஒன்றுக்கு மேல் கருவி இருந்தால், வெவ்வேறு இடத்தில் மாட்டும் முன் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் ஒரு வாரம் ஓடவிடுங்கள். ஒன்று 40 காட்டும்போது இன்னொன்று 50 காட்டும், அது சகஜம். எப்போதும் அதே விகிதத்தில் காட்டுகிறதா என்பதுதான் கேள்வி. காட்டினால் அந்த விகிதத்தை எழுதி வைத்துக்கொண்டு பிறகு சரிசெய்துகொள்ளலாம். ஒரு நாள் கூட, ஒரு நாள் குறைய என்று தாறுமாறாகக் காட்டினால் அந்தக் கருவியைத் திருப்பிக் கொடுங்கள். வேலை முடிந்தபின் இன்னொரு முறை இதையே செய்ய வேண்டும். வாய்ப்புக் கிடைத்தால், கல்லூரியிலோ வாரியத்திலோ இருக்கும் தரமான கருவிக்குப் பக்கத்தில் சில நாள் வைக்க அனுமதி கேளுங்கள். அது கிடைத்துவிட்டால் நம்ம எண்ணுக்கு வரும் மரியாதையே வேறு.

புதுக் குழுவுக்கு நான் சொல்லும் பயிற்சி ஒன்று உண்டு. கோயிலைச் சுற்றி நம்ம ஊர்த் தெருக்கள் ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கின்றன: சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி. சித்திரை வீதிகளில் வண்டிகளுக்குத் தடை. ஒரு கருவியைக் கையில் எடுத்துக்கொண்டு மேலச் சித்திரை வீதியில் பத்து நிமிஷம், மேல ஆவணி மூல வீதியில் பத்து, மேல மாசியில் பத்து, மேல வெளி வீதியில் பத்து. பிறகு அதே வழியில் திரும்பி வாருங்கள். ஒரே வானிலை, ஒரே சாயங்காலம், சில நூறு மீட்டர் தூரம், ஆனால் வண்டி மட்டும் வேறு. இரண்டு பக்கமும் உயர்ந்த கட்டடம் உள்ள குறுகலான வீதியில் புகை எப்படி அடைபட்டு நிற்கிறது என்பதும் அந்த நடையில் புரியும். தெருவோர வாணலிப் புகை எண்ணை எவ்வளவு கெடுக்கும் என்பதும் புரியும், ஆகவே வடைக்கடை தாண்டும்போது நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். வடை சாப்பிடுவது உங்கள் விருப்பம்.

வண்டி எண்ணுவது

காற்று எண் மட்டும் இருந்தால் "அது எங்கிருந்தோ வருகிறது" என்று சொல்லிவிடலாம். பக்கத்திலேயே வண்டிக் கணக்கு இருந்தால் அப்படிச் சொல்வது கடினம்.

இரண்டு பேர், ஒரு நாற்காலி, ஒரு குடை. பதினைந்து நிமிஷத்துக்கு ஒரு கட்டமாக எண்ண வேண்டும். பிரிவுகள்: டூவீலர், ஆட்டோவும் ஷேர் ஆட்டோவும், கார், வேனும் மினி லாரியும், பஸ், லாரியும் டிப்பரும், சைக்கிள். ஒரு பக்கம் போகும் வண்டிகளை மட்டும் ஒருவர் எண்ணட்டும். டூவீலரைக் கையால் எண்ணுவது நடக்காத காரியம். கோரிப்பாளையம் மாதிரி இடத்தில் சிக்னல் திறந்தால் தேனீக் கூட்டம் மாதிரி வரும். போனில் வீடியோ எடுத்து வீட்டில் மெதுவாக ஓடவிட்டு எண்ணுங்கள். மற்றவற்றுக்கு எங்கள் இட்லிக் கடை அக்கா சொன்ன வழிதான் கடைசிவரை நிலைத்தது: மடியில் ஆறு டப்பா, கையில் புளியங்கொட்டை. பஸ் போனால் பஸ் டப்பாவில் ஒன்று. கண்ணைச் சாலையிலிருந்து எடுக்கவே வேண்டாம். பதினைந்து நிமிஷம் முடிந்ததும் கொட்டி எண்ணி நோட்டில் எழுதிவிட்டு மறுபடி. நான் பேனாவால் கோடு போட்டபோது தவறவிட்ட பஸ்களை அவர் தவறவிடவில்லை.

நேரம்: காலை எட்டிலிருந்து பத்து, மதியம் ஒரு மணி நேரம், மாலை ஐந்திலிருந்து எட்டு. சாதாரண வார நாள் மூன்று, ஒரு ஞாயிறு. முகூர்த்த நாள், பௌர்ணமி, சித்திரைத் திருவிழா, தீபாவளி, போகி இவற்றைத் தனியாக வையுங்கள். பாலம் கட்டும் வேலைக்காகப் போக்குவரத்தைத் திருப்பிவிட்ட நாட்களும் அப்படியே. அந்த நாட்களின் எண்ணைச் சாதாரண நாளோடு கலந்தால் முழுக் கணக்கும் சந்தேகத்துக்கு இடமாகிவிடும்.

எண்ணிக்கையை விட எனக்குப் பயன்பட்டவை வேறு சில குறிப்புகள். சிவப்பு விளக்கு எத்தனை விநாடி, அதில் எத்தனை ஆட்டோ இன்ஜினை அணைத்தன. வரிசை எத்தனையாவது மின்கம்பம் வரை நிற்கிறது. பஸ் ஸ்டாப்பில் நிற்க இடமில்லாமல் பஸ் நடுரோட்டில் நின்றதால் பின்னால் எவ்வளவு நேரம் அடைத்தது. நடைபாதையில் எத்தனை அடி நடக்க முடிகிறது. ஹாரன் பற்றி எழுதுவதென்றால், பள்ளி, மருத்துவமனை, நீதிமன்றத்தைச் சுற்றி நூறு மீட்டர் அமைதி மண்டலம், பகலில் 50 டெசிபல், இரவில் 40 என்பது 2000-ஆம் ஆண்டு விதி. போன் செயலி காட்டும் டெசிபல் தோராயம்தான், ஒப்பிட மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

போட்டோ எடுக்கும்போது ஒரு கட்டுப்பாடு. வண்டி எண்ணையோ ஆள் முகத்தையோ எங்கும் பகிர வேண்டாம். புகை விடும் ஷேர் ஆட்டோக்காரர் நம்ம தெருக்காரராகவே இருப்பார். இலைச் சருகைக் கூட்டி எரிக்கும் தூய்மைப் பணியாளரைப் படம் எடுத்துப் போடுவது எளிது; அள்ளிப் போக வண்டி தராமல் கூட்டச் சொன்னவர் அந்தப் படத்தில் இருக்க மாட்டார். எங்கள் குழுவில் ஒருவர் அப்படி ஒரு படம் போட்டு, அந்த அம்மாவுக்கு வேலையில் சிக்கல் வந்தது. இன்னும் உறுத்துகிறது.

எண்களை ஒரு பக்கத்துக்குள் கொண்டுவருவது

மணி நேரத்துக்கு ஒரு சராசரி எடுங்கள். அதே மணிக்கு எல்லா வார நாட்களின் எண்களையும் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கி நடு எண்ணைப் பாருங்கள், ஒரு நாள் எகிறல் கணக்கைக் கெடுக்காது. கீழே வண்டிக் கணக்கு, அதற்குக் கீழே நோட்டில் எழுதியது. மூன்றும் ஒரே மணியைக் காட்டினால் மனு தயார். காற்று எண் மட்டும் ஏறி வண்டியும் நோட்டும் சும்மா இருந்தால், முதலில் சாம்பிராணியைச் சந்தேகப்படுங்கள்.

யாரிடம் போவது

பாதி மனுக்கள் தவறான மேசையில் செத்துப்போகின்றன. மாநகராட்சிச் சாலைத் தூசி, குப்பை எரிப்பு என்றால் மாநகராட்சி மண்டல அலுவலகம். கிராமம் என்றால் ஊராட்சி. சாலை யாருடையது என்று முதலில் கேளுங்கள், மாநில நெடுஞ்சாலைத் துறையுடையதாகவோ தேசிய நெடுஞ்சாலையாகவோ இருந்தால் மாநகராட்சி கையை விரித்துவிடும். கறுப்புப் புகை வண்டிக்கு ஆர்டிஓ ஆபீஸ், அங்கே நாம் பிரேக் இன்ஸ்பெக்டர் என்று சொல்பவர். சிக்னல் நேரம், பார்க்கிங் என்றால் போக்குவரத்துக் காவல். ஆலை, அரவை, கிரஷர் என்றால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர். பஸ் என்றால் போக்குவரத்துக் கழகம். எதுவும் புரியாவிட்டால் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாள், அல்லது முதலமைச்சர் உதவி மைய எண் 1100.

திறந்தவெளியில் குப்பை எரிப்பதற்கு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரில் 5,000 ரூபாய் அபராதம் விதித்தது. மொத்தமாக எரித்தால் 25,000. மனுவில் இந்த வரி இருக்கட்டும். ஆனால் நம்ம சென்சார் எண் நீதிமன்றத்தில் சாட்சி ஆகாது. 1981-ஆம் ஆண்டுக் காற்றுச் சட்டத்தில் மாதிரி எடுப்பதற்குத் தனி முறை இருக்கிறது, அது வாரியத்தின் வேலை. ஆகவே "வரம்பு மீறல் நிரூபணம்" என்று எழுதாமல், "இந்த இடத்தில், இந்த நாட்களில், இந்த நேரத்தில் வந்து அளந்து பாருங்கள்" என்று எழுதுங்கள். அதே சட்டத்தின் 43-ஆம் பிரிவுப்படி, 60 நாள் அறிவிப்புக் கொடுத்துவிட்டுக் குடிமகனே நீதிமன்றம் போகலாம். நாங்கள் அதுவரை போகவில்லை, அப்படி ஒரு பிரிவு இருப்பதை மனுவில் குறிப்பிட்டதே போதுமானதாக இருந்தது.

கிராமம் என்றால் கிராமசபை: ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 இவை நான்கும் நிச்சயம். தீர்மானமாகப் பதிவேட்டில் ஏறினால் அதைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். நகரத்தில் வார்டு கவுன்சிலரை முதலில் பாருங்கள், செய்தித்தாளுக்குப் போவது அப்புறம். அவருக்குத் தெரியாமல் செய்தி வந்தால் அவர் எதிர்த்தரப்பு ஆகிவிடுவார், தேவையில்லாத பகை.

தகவல் உரிமைச் சட்டத்தையும் மறக்க வேண்டாம். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி அனுப்பலாம், 30 நாளில் பதில் தர வேண்டும், தராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. "ஏன் செய்யவில்லை" என்று கேட்டால் பதில் வராது. இருக்கிற ஆவணத்தைக் கேளுங்கள். 2019-ல் தொடங்கிய தேசியத் தூய காற்றுத் திட்டத்தில் தமிழ்நாட்டிலிருந்து சென்னை, திருச்சி, தூத்துக்குடியோடு மதுரையும் இருக்கிறது. அதனால் இப்படிக் கேட்கலாம்: அந்தத் திட்டத்தில் மாநகராட்சிக்கு ஆண்டுவாரியாக வந்த தொகை, செலவான தொகை, எந்த வேலைக்கு, எந்த வார்டில், வேலை உத்தரவின் நகல். தூசி உறிஞ்சும் வாகனம் வாங்கியிருந்தால் அதன் தினசரி ஓட்டப் பதிவேட்டின் நகல். எங்கள் தெருவில் அந்த வண்டி வருகிறதா என்று நோட்டில் ஏற்கெனவே எழுதியிருந்தால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

வேலை நடந்த பிறகு

கேட்டது நடந்துவிட்டால் எல்லோரும் கலைந்துவிடுவார்கள். இரண்டு பேரையாவது பிடித்து வையுங்கள். மாற்றம் வந்து ஒரு மாதம் கழித்து, அதே இடம், அதே மணி, அதே கிழமை, அதே புளியங்கொட்டை. காற்று மாறும் பருவம் நடுவில் வந்திருந்தால் அதையும் எழுதுங்கள், ஆடிக் காற்று தள்ளிவிட்ட புகையை நம்ம சாதனையாக எழுதிவிடக் கூடாது.

ஒரு முறை நாங்கள் இப்படி மறு கணக்கு எடுத்தபோது கருவியின் எண் நம்ப முடியாத அளவுக்குக் குறைந்திருந்தது. கொண்டாடப் போனோம். ரயில்வேக்காரர் மட்டும் ஏணி போட்டு ஏறிக் கருவியைத் திறந்து பார்த்தார். உள்ளே விசிறிக்குக் குறுக்கே சிலந்தி வலை கட்டியிருந்தது. ஊதி, சின்ன பிரஷ்ஷால் தட்டி, வலைத் துணி ஒன்றைக் கருவியின் வாயில் கட்டி மறுபடி மாட்டினார். எண் கொஞ்சம் ஏறியது, ஆனால் பழைய இடத்துக்குப் போகவில்லை. அன்றிலிருந்து மாதம் முதல் ஞாயிறு ஏணி ஏறுவது அவர் வேலை.